எப்சிபாவின் கழுத்து

ஆவடியில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு எப்சிபாதான் மேனேஜர் என்று முதலாளி சம்பந்தம் தன் வாயாலேயே சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் பால்காரரிடம் சொன்னாள், அயர்ன்காரரிடம் சொன்னாள். பெயர்கூடத் தெரியாத ஒரு அம்மாளை நிறுத்தி "நான் மேனேஜர் ஆயிட்டேன்க்கா" என்றாள். அந்த அம்மாள் திருதிருவென்று விழித்ததும் இவளே விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் அம்மா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே கேசரி கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொல்லியாயிற்று.

சந்தோஷப்படாமல் என்ன செய்வாள்? திருமுல்லைவாயிலில் சம்பந்தத்தின் நகைக்கடைக்கு, டப்பாவுக்குள் வெல்வெட் துணி ஒட்டுகிற வேலைக்கு வந்தவள். ஒரு அட்சய திருதியைக் கூட்டத்தில் ஆள் போதவில்லை என்று அவளைக் கவுன்டரில் நிறுத்தினார்கள். அன்றைக்கு அவள் விற்ற வேகத்தைப் பார்த்த முதலாளி, மறுபடி அவளை டப்பா பக்கம் அனுப்பவே இல்லை. கழுத்தைப் பார்த்ததுமே எந்த நகை எடுபடும் என்று சொல்லிவிடுவாள். குட்டைக் கழுத்துக்கு நீள ஆரம், நீளக் கழுத்துக்கு அட்டிகை. வந்த பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்படுகிற வரைக்கும் விடமாட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எப்சிபாவின் கழுத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. அவள் பெந்தெகொஸ்தே சபைக்காரி, அங்கே நகை போடமாட்டார்கள். காலேஜில் படிக்கும்போது ஞானஸ்நானம் எடுத்தாள். தோட்டையும் சங்கிலியையும் அவளேதான் கழற்றினாள், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இந்தக் கழுத்து இனிமேல் கர்த்தருக்கு என்று அவளாகக் கொடுத்த வார்த்தை அது. "சக்கர வியாதிக்காரி ஸ்வீட் கடைல நின்ன கதையா கீதுக்கா உன் பொழப்பு" என்று கூட வேலை பார்க்கும் அகல்யா ஓட்டுவாள். சபையிலும் இரண்டொரு சகோதரிகள் முணுமுணுத்தார்கள். பாஸ்டர் ஜேம்ஸ்தான், "விக்கறது வேலை. போடறதும் போடாததும் உனக்கும் கர்த்தருக்கும் நடுவுல" என்று பேச்சை முடித்துவைத்தார்.

இந்தக் கதை கடையில் எல்லோருக்கும் தெரியும், முதலாளியையும் அவர் மனைவியையும் தவிர. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர், "நகை ஒண்ணும் இல்லியாம்மா?" என்று கேட்டார். நகைக்கடைக்காரரிடமே போய் 'நான் நகை போடமாட்டேன்' என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு வாய் வரவில்லை. "இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். பொய்யில்லைதான். ஆனால் அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பாவம், இல்லாத வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டார்.

திறப்பு விழா வந்தது. ஆவடி கடைவாசலில் வாழைமரம், பந்தல், காதைப் பிளக்கிற பேண்டு. ஸ்டேஷனிலிருந்து வருகிற கூட்டமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. எப்சிபா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாகப் பறந்தாள். இந்த விளக்கு ஏன் எரியவில்லை, அந்தத் தட்டு ஏன் இங்கே இருக்கிறது என்று அவள் போட்ட சத்தத்தில் பேண்டே அமுங்கிப்போக, எலக்ட்ரீஷியன் பேண்டுக்காரர்களைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தான்.

"எப்சி, இங்க வா" என்று முதலாளியம்மா கமலம் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனாள். "கண்ண மூடு."

மூடினாள். கழுத்தில் ஜில்லென்று ஏதோ ஏறியது. பின்னால் கொக்கி மாட்டுகிற சத்தம்.

"போன வாரம் கேட்டேனே, நீளக் கழுத்து, மாநிறம், நம்ம ஊட்டுப் பொண்ணு ஒருத்திக்கு எது எடுப்பா இருக்கும்னு? நீதான இந்த அட்டிகைய எடுத்துக் குடுத்த? அந்தப் பொண்ணே நீதாண்டி!"

அறை வாசலில் நின்ற சம்பந்தத்துக்குக் கண் கலங்கியிருந்தது. "கடை நகை இல்லம்மா. உனுக்கே உனுக்கு. உன் கழுத்து காலியா கீறத பாக்கறப்பல்லாம் எனுக்கு மனசு கேக்கல."

எப்சிபா கண்ணாடியைப் பார்த்தாள்.

அழகாக இருந்தது. அவள் தொழில் அது, அவளை யாரும் ஏமாற்ற முடியாது. சிவப்புக்கல் அட்டிகை அந்தக் கழுத்தில் அளவெடுத்தது போல உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை திரும்பினாள். இதைப் போட்டுக்கொண்டு, ஆவடியே பார்க்க அந்த வாசலில் நிற்கலாம். கழற்ற மனசு வரவில்லை.

அங்கேதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமும் தனக்கு நகை ஆசையே கிடையாது என்றல்லவா நினைத்திருந்தாள்! இல்லாத ஆசையைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டுப் பெரிய தியாகி மாதிரி நடந்திருக்கிறாள். கொடுத்தது என்னவென்று இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறாள். கொடுப்பதென்றால் இப்போது கொடுத்தால்தான் உண்டு.

கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியைக் கழற்றினாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு. அதான் கழட்டறேன்" என்று ஆரம்பித்து ஞானஸ்நானம், வார்த்தை, அன்றைக்கு 'இல்லீங்க' என்று சொன்னது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். "மொத நாளே சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

சம்பந்தத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, ஒரே ஒரு மணி நேரம். ரிப்பன் வெட்டற வரிக்கும். அப்பறம் கழட்டி வெச்சிடு."

"முடியாதுங்க."

"நகைக்கடைம்மா இது. தொறக்கறன்னிக்கே மேனேஜர் மூளிக் கழுத்தோட வாசல்ல நின்னா ஜனம் இன்னா பேசும்? என்னால முடியாதும்மா." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினார்.

எப்சிபாவுக்குக் கேசரி ஞாபகம் வந்தது, பால்காரர் ஞாபகம் வந்தது. வெளியே கூட்டத்தில் அம்மா தெருக்காரர்களோடு நின்றுகொண்டிருப்பாள். ஒரே ஒரு மணி நேரம்தான் கேட்கிறார். அழுகை வந்தது. அதோடு கூடவே, ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து எழுந்தபோது வந்ததே ஒரு துள்ளல், அதுவும் வந்தது. இரண்டையும் பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை.

"அகல்யாவ மேனேஜராப் போடுங்க" என்றாள். "கெட்டிக்காரி. நான் கூட நின்னு பாத்துக்கறேன்."

கமலம் வாயில் கை வைத்துக்கொண்டாள். சம்பந்தம் எட்டி வாசலைப் பார்த்தார். ரிப்பன் வெட்ட வந்தவர்கள் காத்திருந்தார்கள். "சரி, கூப்புடு அந்தப் பொண்ண" என்றார்.

அகல்யா வந்து விஷயத்தைக் கேட்டு, "இன்னாக்கா வெளையாட்றியா?" என்று கத்தினாள். கமலம் அந்த அட்டிகையை அவள் கழுத்துக்கு எடுத்துப் போனபோது எப்சிபாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயோ, அவளுக்குக் குட்டைக் கழுத்தும்மா, அட்டிகை ஆகாது! அந்த ரெட்டை வட ஆரத்த எடுங்க." தானே மாட்டிவிட்டாள், முகப்பை நடுவுக்குத் தள்ளினாள், இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். பொருத்தமாக இருந்தது. அட்டிகை டப்பாவுக்குள் போயிற்று.

ரிப்பன் வெட்டினார்கள். கூட்டம் மடை உடைந்த மாதிரி உள்ளே வந்தது. மேனேஜர் மேஜைக்குப் பின்னால் அகல்யாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு கல்யாணப்பெண்ணும் அவள் வீட்டார் பத்துப் பேரும் எந்தக் கவுன்டருக்குப் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றார்கள்.

"அக்கா... அந்தக் கல்யாணப் பார்ட்டிய நீ பாக்கறியாக்கா?"

"சரிங்க மேடம்" என்றாள் எப்சிபா.

சொல் இடறிக்கொண்டுதான் வெளியே வந்தது. நேற்று வரைக்கும் அவள் தன் காதால் கேட்கக் காத்திருந்த சொல். வலித்தது, நன்றாகவே வலித்தது.

அகல்யாவின் கண் நிறைந்துவிட்டது. "அப்டிலாம் கூப்டாதக்கா."

"கூப்புடுவேன். கஸ்டமர் பாக்கறாங்க, கண்ணத் தொடைங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, எப்சிபா வெறுங்கழுத்தோடு கல்யாணப்பெண்ணை நோக்கி ஓடினாள்.