சுவரை மறைத்த மாமா

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று உதவித்தொகை அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வெளிநாட்டில் நாலு வருடப் பட்டப்படிப்பு, கட்டணம் கிடையாது, கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். நரின் என்ற எங்கள் மலையூரில் அதற்கு எங்களைவிடத் தகுதியான குடும்பம் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ரஷ்யாவில் கூலி வேலை செய்து அப்பா அனுப்புவது குளிருக்கு எரிக்கும் நிலக்கரிக்கே போதாது.

கடைசிக் கட்டம், வீட்டிலிருந்தே வீடியோவில் நேர்காணல். அம்மாவிடம் சொல்லிவிட்டு, லேப்டாப் இரவல் வாங்கப் பள்ளிக்கூடம் போனேன்.

திரும்பினால் வீடே அடையாளம் தெரியவில்லை. சுவரில் பக்கத்து வீட்டு புருல்ச்சா அக்காவின் சிவப்புக் கம்பளம். மேசையில் டீ கொதிக்கும் சமோவார், யார் வீட்டதோ. எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுருண்டை மலையாகக் குவிந்திருந்தது. தாய்மாமன் தூலெபெர்தி வேகவைத்த ஆட்டுத்தலையைத் தூக்கிக்கொண்டு அதற்கு இடம் தேடினார்.

"அம்மா, நாம ஏழைன்னு எழுதிக் குடுத்திருக்கேன்!"

"எழுதினா எழுதிட்டுப் போ. அதுக்காக வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஓதம் பிடிச்ச சுவரையா காட்டுவாங்க?"

"அவங்க கம்ப்யூட்டர்லதாம்மா வர்றாங்க."

"வர்றாங்கல்ல? அப்ப விருந்தாளிதான்."

"பெரிய மனுஷங்களுக்குத் தலை வைக்கலேன்னா ஊர்ல காறித் துப்புவாங்க" என்று மாமா லேப்டாப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தார். கேமராவில் அது என்னைவிட லட்சணமாகத் தெரிந்தது.

திரையில் ஒரு நரைத்த பெரியவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அந்த அம்மாள் கம்பளத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார்.

"சாய்கல், வீட்டுல ரொம்பக் கஷ்டம்னு எழுதியிருக்கீங்க..." என்று இழுத்தார்.

ஆங்கிலம் தெரியாத அம்மா பின்னாலிருந்து தட்டை நீட்டினாள். "சாப்பிடச் சொல்லுடி, ஆறிடப் போகுது."

எல்லாம் இரவல் என்று சொன்னால் தீர்ந்தது. அம்மாவுக்குப் புரியப்போவதுமில்லை. ஆனால் அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கையில் எனக்கு வாய் வரவில்லை. படிப்பு போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்த புருல்ச்சா அக்கா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கனிஷாய், என் பொண்ணப் பார்க்க ஆளுங்க வந்தாச்சு! நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னைக்கே வந்து நிக்குதுங்க. கம்பளத்தக் குடு!"

மாமா நாற்காலிமேல் ஏறினார். கம்பளம் ஒரு பக்கம் சரிந்தது. அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நான் சட்டென்று கேமராவைக் கையால் மூடினேன்.

"என்ன ஆச்சு?" என்றார் கண்ணாடி அம்மாள்.

"கம்பளத்துக்குச் சொந்தக்காரங்க வந்துட்டாங்க. சுவரை நீங்க பார்த்தா எங்கம்மா தாங்க மாட்டாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

 பெரியவர், "மெதுவா ஆகட்டும்மா" என்றார்.

கையை எடுத்தேன். ஓதம் படர்ந்த இடத்தில் மாமா கைகளை விரித்துச் சுவரோடு ஒட்டி நின்றார். அம்மாதான் அவரை அப்படி நிறுத்திவைத்திருந்தாள். கேள்விகள் முடியும்வரை மனிதர் தும்மினாரே தவிர நகரவில்லை.

இடம் கிடைத்தது. "கம்பளத்தப் பார்த்துதான் குடுத்தாங்க" என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள்.

இங்கே விடுதியில் மாதக் கடைசியில் எனக்கு ரொட்டியும் டீயும்தான். அம்மா வீடியோவில் கூப்பிடும்போது மட்டும் பக்கத்து அறைக்காரியின் பழக்கூடையை வாங்கி என் பின்னால் வைத்துக்கொள்வேன். போன ஞாயிறு பாதிப் பேச்சில் அவள் வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரை இருண்டது. அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"போன் கீழ விழுந்துடுச்சுடி" என்று குரல் மட்டும் வந்தது. "எடுக்கக் கொஞ்ச நேரமாகும். நீ மெதுவா இரு."