லீவரைத் தூக்குமுன்

சென்னீர்குப்பத்தில் பூட்டிக்கிடந்த பட்டறையைத் திறந்து, உத்தமன் விக்ரமுக்கு லேத் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். மெஷின் இல்லை, கைகள் மட்டும்தான். நாடகத்தில் அப்படித்தான், கை சரியாகப் போனால் பார்ப்பவர் கண்ணுக்கு மெஷின் தெரியும்.

சுழலும்போது இரும்புத் துண்டைப் பிடித்துக்கொள்ளும் வட்டப் பிடிக்குச் சக் என்று பெயர். துண்டை அதற்குள் நுழைத்து, குறுக்குக் கைப்பிடி வைத்த சாவியால் இறுக்க வேண்டும். பிறகு சாவியை உருவி ஓரமாக வைத்துவிட்டுத்தான் லீவரைத் தூக்கி மெஷினை ஓட விடலாம். மறந்தால், சுழலும் சக் சாவியை முகத்துக்கே வீசும்.

பாடியில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக உத்தமன் பார்க்கும் வேலை அது. அவனைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, அதிலிருந்துதான் ரேகா இந்த நாடகத்தையே உருவாக்கியிருந்தாள். இயக்கமும் அவள், முதலாளி வேடமும் அவள். தொழிலாளி வேடம் நான்கு மாதம் அவனிடம் இருந்தது. போன மாதம் கம்பெனி அவனை இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றியது. ஒப்பந்த ஆள், மறுக்க முடியாது. மாலை ஒத்திகை போயிற்று, வேடமும் போயிற்று. நசரத்பேட்டை அடுக்குமாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் விக்ரமுக்கு எந்த மாலையும் தோதுப்பட்டது.

"என் கையக் கயட்டி இவனாண்ட குடுன்ற. இன்னாக்கா நாயம் இது?" என்று பட்டறை வாசலில் நின்ற ரேகாவிடம் கேட்டான் உத்தமன்.

"ஷிஃப்ட மாத்திகினு வா, வேஷம் உனுக்குத்தான்," என்றாள் ரேகா. "முடியுமா? அதுவரிக்கும் நீ லைட்டப் பாரு." சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

விக்ரம் பணிவாகத்தான் கேட்டான். "ப்ரோ, நீங்க இறுக்கும்போது வலது தோள் கொஞ்சம் இறங்குது. அதையும் சொல்லிக்குடுங்க."

அந்தத் தோள் இறங்க உத்தமனுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. விக்ரமுக்கு இரண்டாவது தடவையே இறங்கியது.

"அப்புறம்?" என்றான் விக்ரம்.

"அப்பால ஒண்ணுமில்ல மாமே. இறுக்கின கையோட லீவரத் தூக்கு."

சாவியை உருவாமல் விடுவதைப் பார்த்து, வேலை தெரிந்த ஒருத்தன் சிரித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டான். ரேகாவுக்கு உறைக்கும்.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "இன்னா சொல்லிக்குட்த்த? இப்போ செம விறுவிறுப்பா கீதுபா."

சாவியை அவளும் கவனிக்கவில்லை.

நாடகம் விக்ரமின் அடுக்குமாடிக் கூடத்தில், உத்தமனுக்கு விடுமுறையான ஞாயிறு மாலை நடந்தது. குடியிருப்போர் இருநூறு பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். பக்கவாட்டில் விளக்குப் பலகையின் பின்னால் உத்தமன் நின்றான். விக்ரம் சக்கை இறுக்கினான். தோள் அழகாக இறங்கியது. சாவியை உருவாமலே கை நேராக லீவருக்குப் போனது.

உத்தமனின் தலை தானாகப் பலகைக்குக் கீழே குனிந்தது.

நிமிர்ந்தபோது கூடம் கைதட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற வயதான வாட்ச்மேன் மட்டும் முகத்தின் குறுக்கே முழங்கையை மடித்துக் குனிந்திருந்தார். மெதுவாக நிமிர்ந்து மேடையைப் பார்த்தார்.

கடைசி வரிசையிலிருந்த ஒருவர், திரும்பாமலே, கதவைச் சாத்தும்படி கையைக் காட்டினார். வாட்ச்மேன் வெளியே போய் நின்று சாத்தினார்.