ஏனோஸின் அடையாளச் சீட்டு

...இல்லை, மூன்றாவது படகில்தான் இருக்கிறான், முழங்காலை அகட்டி உட்கார்ந்திருக்கும் தினுசே சொல்கிறதே, ஏனோஸ்தான், என் தம்பிதான், நாலு வருஷம் கழித்து... நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, ஓடியா வந்தேன், ஆமாம் ஓடித்தான் வந்தேன், இங்கிலாந்துச் சிறையிலிருந்து விடுபட்டவர்களின் கப்பல் என்று தெருவில் யாரோ கத்தியதும் மைக்கூட்டைக்கூட மூடாமல். மீன் உலர்த்தும் தாபித்தா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். "என்னங்க ரூபன், கண்ணாலேயே படகை இழுத்துருவீங்க போலிருக்கே!" முடிந்தால் இழுத்திருப்பேன்... இறங்கியதும் என்ன செய்வது? முதலாவது, கட்டிக்கொள்வது. இரண்டாவது, வீட்டுக்கு அழைத்துப்போவது. மூன்றாவது, அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்வது. இல்லை, சீட்டைத்தான் முதலில்.

சுங்க அலுவலகத்தில் மாலுமிகளுக்கு அடையாளச் சீட்டு எழுதுவது என் வேலை, இவன் அமெரிக்கன், உயரம் இவ்வளவு, தழும்பு இன்ன இடத்தில்... ஆங்கிலேயன் நடுக்கடலில் நம் கப்பலை மறித்து, நீ எங்கள் ஆள், வா எங்கள் போர்க்கப்பலுக்கு என்று இழுக்கும்போது காட்டுவதற்கு. அன்று ஏனோஸ் மேசைக்கு எதிரே நின்று கையை நீட்டினான், நங்கூரம் பச்சை குத்திய கை, எனக்கு இடப்பக்கமாகத் தெரிந்தது, இடது என்று எழுதினேன். எதிரே நிற்பவனுக்கு அது வலது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவனைப் பிடித்துப்போன சேதி வந்து, பிரதியை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, கை மாறிய சீட்டை எவன் நம்புவான்.

அடுத்த வருஷம் இங்கிலாந்தோடு போர்! சொந்த நாட்டை எதிர்த்துச் சுடமாட்டேன் என்றவனை அவர்கள் சிறையில் போட்டார்கள். இங்கே பாதி ஊர் போரைத் திட்டியது, வியாபாரம் போச்சு, கப்பலெல்லாம் துறையிலேயே உளுத்துப்போகிறது என்று. மாலுமிகளின் உரிமைக்காகப் போர் என்றார்கள், எனக்கோ அது என் பேனாவிலிருந்து புறப்பட்ட போர். கனடாவுக்குள் போய் உதைபட்டுத் திரும்பினோம், என் தப்பு. ஈரி ஏரியில் ஜெயித்தோம், துள்ளினேன். தலைநகரை எரித்தார்கள், சாப்பாடு இறங்கவில்லை. பால்டிமோர் கோட்டை தாங்கியது, நியூ ஆர்லியன்ஸில் ஜெயித்தோம், பார்த்தால் அதற்கு முன்பே சமாதானம் கையெழுத்தாகியிருந்தது! ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன், மாலுமிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்படியென்றால் எதற்காக...

படகு கரையை முட்டிவிட்டது, இறங்கி வருகிறான், தாடி, ஒட்டிய கன்னம், அதே சிரிப்பு. "அண்ணே! நாங்க அங்க பட்டினி கிடந்தா, நீ இங்க ஊதிப்போயிருக்கே!" கட்டிக்கொண்டான், எலும்பு குத்தியது. சொல்லிவிடு, இப்போதே... வாயைத் திறந்தேன், அதற்குள் அவனே என் காதருகில், "அந்தச் சீட்டை அவனுங்க பிரிச்சுக்கூடப் பாக்கலண்ணே. அப்படியே கடல்ல வீசிட்டானுங்க."

உடம்பே காற்றாகிவிட்டது. சிரித்தேன், அழுதேன், தாபித்தா கைதட்டினாள். மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன், நடப்பதா இது, பறக்கிறேன்... ஆனால் நான் ஒன்றும் கேட்கவில்லையே, நாலு வருஷம் கழித்து மண்ணில் கால் வைத்தவன் முதல் காரியமாக அதை ஏன் சொன்னான், யார் கேட்டார்கள் அவனை...