நோர்தாம்ப்டன் சப்பாத்து

"அப்பா, உங்கட சப்பாத்துக்குள்ள ஏன் மணி அடிக்குது?" என்று ஐந்து வயதில் றொஷினி கேட்டாள். "அது இங்கிலாந்துச் சேர்ச் மணி, பிள்ளை. அங்க இப்ப விடிஞ்சிட்டுது" என்றார் நகுலேஸ்வரன். உண்மையைத்தான் சொன்னார்.

அகதி வழக்கு நடந்த ஒரு குளிர்காலம் முழுக்க அவர் இங்கிலாந்தில், சப்பாத்துத் தைப்பதற்குப் பேர்போன நோர்தாம்ப்டனில் கிடந்தார். துணிச் சப்பாத்தோடு பனியில் திரிந்தவரின் அறைவாசலில், ஒரு விடியலில், யாரோ அந்தத் தோல் சப்பாத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாடாக்கள் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தன. கதவைத் தட்டவில்லை. யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வழக்குத் தோற்று, நன்றி சொல்ல வழியில்லாமலே கனடாவின் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல அவரும் சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றிவைத்தார். ஆகவே சப்பாத்துக்குள் இருந்த நோர்தாம்ப்டனின் சரித்திரம் வீட்டுக்குள் வராமல் நடைக்கூடத்திலேயே நடந்தது. முதல் வருடங்களில் கோட்டை கட்டும் உளிச் சத்தம். பிறகு சந்தைச் சதுக்கத்து மாடுகளின் மூச்சு. அரசனை எதிர்த்த படைக்கு ஊரார் சப்பாத்துத் தைத்தார்கள். அடுத்து வந்த அரசன் அதற்காகக் கோட்டையை இடிப்பித்த வாரம், கூடம் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. ஒரு புரட்டாதியில் ஊர் எரிந்தது. கட்டடத்தின் புகைமணி அலற, தீயணைப்புக்காரர் வந்து, நெருப்பைக் காணாமல் சாம்பலை மட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள். எரிந்த ஊரைக் கட்ட மரம் கொடுத்தவன் கோட்டையை இடிப்பித்த அதே அரசன்தான். அதை அறிந்த அன்று நகுலேஸ்வரன் அழித்தவனே கொடுக்கவும் செய்கிறான் என்று நல்லூர் முருகனை நினைத்துக் கும்பிட்டார். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. போருக்குப் போன சப்பாத்துகள் படியிறங்குவது கேட்டது, ஏறியவை குறைவு. அந்த மாதங்களில் அயலவர் சரியாக உறங்கவில்லை. கோட்டை இருந்த இடத்தில் ரயில் வந்து நின்றது. தொழிற்சாலைகள் பூட்டப்பட்டன. மணி மட்டும் மிஞ்சியது.

எந்தப் பனியிலும் காலைக் காத்த சப்பாத்தின் சூடும் குறையவில்லை. அவருக்குக் குளிர்க் களஞ்சியத்தில் வேலை, ரத்தத்தில் சீனி கூடிய சலரோகம் வேறு. கடைச் சப்பாத்துப் போட்டுப்பார்த்த ஒரு மாரியில் இரண்டு விரல்கள் போயின. இனிக் குளிர் ஏறினால் பாதமே போகும் என்றார் வைத்தியர்.

போன மாரியில் கீழ்த்தளத்துக்கு டினோஜன் வந்தான். மனிசியையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டு, அமெரிக்க எல்லையைக் காட்டுவழியாக நடந்து கடந்தவன். பஸ் தரிப்பில் நகுலேஸ்வரன் அவன் கால்களைக் கண்டார்.

"பயமில்லை அண்ணை, மூண்டு சொக்ஸ் போட்டிருக்கிறன்."

"விசரா, மூண்டு போட்டால் சப்பாத்து இறுகி ரத்தம் ஓடாது. கழட்டு, பாப்பம்."

பெருவிரல் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது.

"புதுசு வாங்கிக் குடுங்கோ, வேண்டாமெண்டேல்லை. உங்கட காலைக் குடுக்காதேங்கோ" என்றாள் மனைவி அஜந்தா. வாங்கிக் கொடுத்தார். டினோஜனின் கறுப்பு அடுத்த விரலுக்கும் ஏறியது.

மாசியில் நகுலேஸ்வரனின் வலது பாதத்தை எடுத்தார்கள். டினோஜனுக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன. இப்போது மணி கீழ்த்தளத்தில்தான் அடிக்கிறது, அஜந்தாவுக்கும் கேட்கிறது.

நடந்தது இவ்வளவுதான். தை மாதத்து விடியல் ஒன்றில், கட்டடத்து ஆட்கள் எழும்புமுன், அவர் வெறுங்காலோடு படியிறங்கினார். நாடாக்களை உள்ளே மடித்துச் செருகி, சப்பாத்தை டினோஜனின் வாசலில் வைத்தார். கதவைத் தட்டவில்லை.