கேபிள் வெட்டிய வீட்டில் சிறுநீரகம்

1

இந்தக் கதை எனக்கு எருமப்பட்டி பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டு அம்மா ஒருவர், "பிள்ள நீட்டுக்குப் படிக்குது, அதான் ஊட்ல கேபிள வெட்டிட்டோம்" என்று துக்கச் செய்தி சொல்கிற குரலில் சொன்னார். படிப்பது பிள்ளை, பட்டினி அம்மாவுக்கு. அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

முதல் வரி: சண்முகப்பிரியா விடியும் முன்பே எழுந்து

(வேண்டாம். படிக்கிற பிள்ளைகளின் கதையெல்லாம் விடியும் முன்பே எழுந்துவிடுகிறது.)

2

சண்முகப்பிரியாவுக்கு நீட் இது இரண்டாம் தடவை. கோச்சிங்கின் வாரத் தேர்வில் மார்க் இறங்கிக்கொண்டே போனது. வரும் சனிக்கிழமையும் குறைந்தால் ஹாஸ்டல்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். ஹாஸ்டலுக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை. சிறுநீரகப் பாடத்தை எடுத்து மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டாள். எது முக்கியம் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் போட்டாள்.

இங்கே நல்ல ஆசிரியர் ஒருவரை வரவழைத்து, பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

3

வந்தது அம்மா மாரக்காள். சீரியல் இல்லாமல் அவளுக்குச் சாயங்காலம் நகரவில்லை.

"சாமி, உம்பொஸ்தகத்துல என்ன ஓடுது? கொஞ்சம் சொல்லு."

சண்முகப்பிரியா வேண்டாவெறுப்பாகப் புத்தகத்தை மூடினாள். "கிட்னிம்மா. ஒரு நாளைக்கு நூத்தியெம்பது லிட்டர் வடிகட்டுது. ஒண்ணரை லிட்டர்தான் வெளிய போவுது."

"மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

பதில் இருந்த வரிக்கு அவள் இரண்டு தடவை கோடு போட்டிருந்தாள். வாயில் வரவில்லை. எரிச்சலோடு திறந்து பார்த்தாள்.

"திரும்ப ரத்தத்துக்கே போயிருதும்மா."

"அப்பறம் என்னத்துக்கு அத்தனையும் வடிகட்டோணும்? வேலையத்த கிட்னி."

சண்முகப்பிரியா சிரித்துவிட்டாள். அதற்கும் மறுபடி புத்தகத்தைத்தான் திறந்தாள். கண்ணுக்குப் பழகியதையெல்லாம் தெரிந்ததாக நினைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

(எனக்கும் தெரியாது. எல்லாவற்றையும் முதலில் வடிகட்டி, கழிவை மட்டும் வெளியே விட்டுவிட்டு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். இதை எழுதுவதற்காகத் தேடிப் படித்தேன்.)

மறுநாள் சீரியல் நேரத்துக்கு மாரக்காள் தானாகவே வந்து உட்கார்ந்தாள். "நேத்து எங்க நிறுத்துன? மறந்துபோச்சு, மொதல்ல இருந்து சொல்லு."

4

முடிவு ஒன்று: மார்க் ஏறியது. எழுதிப் பார்த்தேன், கோச்சிங் சென்டர் விளம்பரம் போலிருந்தது. முடிவு இரண்டு: ஏறவில்லை. பெட்டியோடு அவள் பஸ் ஏற, வீட்டில் மாரக்காள் மட்டும் தனியாக, பேச்சுத் துணைக்குக் கூட

மனசு கேட்கவில்லை.

அதனால் முடிவு உங்கள் பொறுப்பு. ஆனால் திரும்ப வாசிக்காதீர்கள். மூடிவைத்துவிட்டு, சண்முகப்பிரியா அம்மாவிடம் சொன்னதுபோல, பக்கத்தில் இருப்பவரிடம் கதையைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனாளா என்று அவர் கேட்பார். அப்போது உங்கள் வாயில் என்ன வருகிறதோ, அதுதான் நடந்தது.