கிழிந்த செருப்பின் விலை

அக்கா புருஷனுக்கு, முதலாளி என்று கூப்பிட்டால்தான் காது கேட்கும். அப்படி என்ன தொழில் என்று கேட்டால் 'இணைய வர்த்தகம்' என்பார். வீட்டுப் பின்னறையில், துணி காயும் கொடிக்குக் கீழே நாலு கம்ப்யூட்டர், அவற்றில் ஓர் ஆன்லைன் விளையாட்டு. காடு மேடெல்லாம் அலைந்து, பூதங்களை அடித்து, பொற்காசு சேர்ப்பது அவருடைய மச்சினி, சின்னவள். அலைய நேரமில்லாத பணக்காரர்களுக்கு அந்தக் காசை நிஜப் பணத்துக்கு விற்பது முதலாளி. விளையாட்டை நடத்தும் கம்பெனி கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடும். திருட்டு வியாபாரம்தான், ஆனால் அவருடைய நடையைப் பார்த்தால் நாலு கப்பல் ஓட்டுகிறவர் மாதிரி இருக்கும்.

இந்த மனிதர் ஒரு நாளாவது விளையாடியிருப்பாரா என்றால், கிடையாது. விளையாடுகிறவன் வெட்டிப்பயல், விற்கிறவன் புத்திசாலி, அவ்வளவுதான் அவருடைய சித்தாந்தம். சின்னவளுக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை, வெறும் இளக்காரம்தான். கோபம் வந்தது வேட்டைக்காரியை அவர் பிடுங்கிக்கொண்ட பிறகு.

வேட்டைக்காரி அந்த விளையாட்டில் சின்னவளுடைய சொந்த ஆள். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து வளர்த்தவள். நரித்தோல் தொப்பி, கன்னத்துத் தழும்பு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. பழைய ஆளிடம் காசு குவிந்தால் கம்பெனி சந்தேகப்படாது, ரெண்டே நாள் கொடு என்று முதலாளி கேட்டார். அக்காவும் கண்ணாலேயே கெஞ்சினாள். கொடுத்த மறுநாளே பாஸ்வேர்டை மாற்றிவிட்டார் மனிதர். அவர் வெளியே போன நேரமெல்லாம் சின்னவள் முட்டி மோதிப் பார்த்தாள். அக்கா பெயர், கல்யாண நாள், குழந்தை பிறந்த தேதி, எதற்கும் திறக்கவில்லை.

கடைசியில் சேர்ந்த காசோடு வேட்டைக்காரியையும் சேர்த்து வாங்க ஒருவன் அகப்பட்டான். முதலில் காசு ஒழுங்காக வரட்டும், சாயங்காலம் ஆளை வாங்கிக்கொள்கிறேன் என்பது பேச்சு.

“அவ என் ஆளு மாமா” என்றாள் சின்னவள்.

“பொம்மைக்கெல்லாம் யாராவது அழுவாங்களா?” என்றார்.

காசை நேராக எடுத்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் வாங்குகிறவன் விளையாட்டுக்குள் இருக்கும் சந்தையில் ஒன்றுக்கும் உதவாத பொருள் ஒன்றைப் பேசிய தொகைக்கு விற்பனைக்கு வைப்பான். இவர்கள் அதை வாங்கினால் காசு அவனுக்குப் போய்விடும். அன்றைக்குப் பேசியது ஒற்றைக் கிழிந்த செருப்பு, விலை தொண்ணூறு லட்சம் காசு. எப்போதும் சின்னவள் செய்கிற வேலை. வேட்டைக்காரி பக்கம் அவளை விடக்கூடாது என்று இந்த முறை முதலாளியே உட்கார்ந்தார். விலையைப் பார்க்காதீர்கள், விற்கிறவன் பெயரைப் பாருங்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

“செருப்பு வாங்க எனக்கே கத்துக்குடுக்கிறியா? கேட்டா மட்டும் பேசு.”

திரையில் இரண்டு கிழிந்த செருப்புகள் இருந்தன. ஒன்று தொண்ணூறு லட்சம், இன்னொன்று எண்பத்தெட்டு. இந்தத் திருட்டுக்குள்ளும் தூண்டில் போடுகிறவர்கள் உண்டு. குப்பை ஏதாவது பெரிய விலைக்கு வந்தால், அதே குப்பையைக் கொஞ்சம் குறைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சின்னவள் ஒரு வார்த்தை சொன்னால் காசு தப்பும், ஆனால் சாயங்காலம் வேட்டைக்காரி போய்விடுவாள். அவர் முகத்தைப் பார்த்தாள். காய்கறிக் கடையில் கொசுறு வாங்காமல் நகராத அந்த முகம் பூரித்துப் போயிருந்தது. எண்பத்தெட்டைத் தட்டினார்.

“பாத்தியா, ரெண்டு லட்சம் மிச்சம். இதுக்குத்தான் வியாபாரம் தெரிஞ்சவன் உக்காரணும்கிறது.”

விற்றவன் பெயரை அவள் படித்தாள், பேசியவன் பெயர் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாங்குகிறவன் போனில் கூப்பிட்டு, காசு எங்கே என்றான். செருப்பு என் கையில் இருக்கிறதே என்று முதலாளி அவனோடு வாதாடினார். அதுவும் குறைந்த விலைக்கு முடித்த பெருமையோடு. அவன் விளக்கிச் சொல்லச் சொல்ல முகம் வெளிறியது. மோசடிக்காரன் என்று எல்லாக் குழுவிலும் போடுகிறேன், உன் ஆளும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

“பாத்துக்கிட்டுத்தானே நின்ன? ஏன் சொல்லல?” என்று பாய்ந்தார்.

“நீங்க கேக்கலியே மாமா.”

கூச்சல் கேட்டு அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். இனி வேட்டைக்காரியை எவனும் சீந்த மாட்டான், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றாள் சின்னவள். அவர் முனகினார், முறைத்தார், செருப்பைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்றுகூடக் கேட்டார். குடுத்துத் தொலைங்க என்றாள் அக்கா. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“முதலாளி. ஒண்ணு ரெண்டு மூணு.”

சின்னவள் தட்டினாள், திறந்துகொண்டது. அக்கா பெயரையும் குழந்தை தேதியையும் போட்டுப் பார்த்தோமே, இந்த ஆளை இவ்வளவு மதித்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. சிரிக்கலாம் என்று திரும்பினாள். அக்கா அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்காக நானும் ரெண்டு நாள் திருட்டுத்தனமா திறந்து பாத்தேன்டி” என்றாள், அவர் காதில் விழாதபடி. “என் பேரத்தான் மாத்தி மாத்திப் போட்டேன்.”