கல்லீரல் திறந்த கிடங்கு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவருக்கு உலகத்தில் ஒரே கணக்குதான்: ஏற்றினால்தான் எடை. ஆண்டுப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று நாற்பத்தொன்று வந்தபோதும் அதே கணக்கைத்தான் போட்டார். நூற்று முப்பதைத் தாண்டினால் கிரேனிலிருந்து இறக்கிக் கீழே கொடியசைக்க விட்டுவிடுவார்கள். மறுபரிசோதனைக்கு ஒரு வாரம் கெடு.

சோதனைக்கு முந்தைய ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீரோடு கிடந்தார்.

"ஏத்தாத சரக்கு எப்படி வெளிய வரும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்க மூளை விஷயத்துல அது சரிதான்," என்றாள் அவள்.

காலையில் லிஃப்டை விட்டுவிட்டு, ஆய்வகம் இருந்த ஆறாவது மாடிக்குப் படியேறி ஓடினார். இருப்பதும் கரைந்துவிடுமாம். அங்கே ரத்தம் எடுத்தவள் அவருடைய கொழுந்தியாள்.

"நூத்தி அறுபத்திரண்டு, மாமா."

"இந்த மெஷின் உங்க அக்கா மாதிரி. வாய்க்கு வந்ததைச் சொல்லுது."

"கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?"

"முந்தாநாள் ராத்திரி."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "பத்து மணி நேரம் சாப்பிடாம வாங்கன்னா தவமிருந்துட்டு வந்திருக்கீங்க. சாப்பிட்டா இன்சுலின் வந்து மிச்சச் சர்க்கரையைக் கல்லீரல்ல பூட்டி வைக்கும். பட்டினி கெடந்தா குளுக்ககான்னு இன்னொரு ஹார்மோன் வந்து அந்தப் பூட்டைத் திறக்கும். நீங்க பயத்தோட ஓடி வேற வந்தீங்களா, அட்ரினலின் கதவையே பேத்துடுச்சு. அடக்க வேண்டிய இன்சுலினை உங்க உடம்பு மதிக்கிறதே இல்ல."

"என் கல்லீரலே என்னைக் காட்டிக் கொடுக்குதா?"

"அது காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டு இருக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நூத்தி இருபத்தஞ்சுன்னு எழுதிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"மேல நீங்க மயங்கி விழுந்தா கீழ நிக்கிறவனுக்குத் தெரியும்."

அவள் பேனாவை எடுத்தாள். விதிப்படி பட்டினி பத்து மணி நேரம்தான் என்பதால் அந்த முடிவு செல்லாது என்று எழுதினாள். கெடு இன்னும் ஒரு நாள் இருந்தது.

அன்றிரவு அவர் சாப்பிட்டார், தூங்கினார், மறுநாள் லிஃப்டில் போனார். அரை மணி நேரம் சும்மா உட்காரவைத்து எடுத்ததில் நூற்று இருபத்தெட்டு. மாத்திரை, வேளா வேளைக்குச் சாப்பாடு, மூன்று மாதத்தில் மறுபடி சோதனை என்ற நிபந்தனைகளோடு மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் கப்பல் காத்திருக்க, கிரேன் கொக்கி சும்மா தொங்கியது. ஃபோர்மேன் வயர்லெஸ்ஸில் கத்தினார்: "மேல என்னய்யா பண்றே?"

"சாப்பிடுறேன்," என்றார் அவர். "இல்லன்னா உள்ள ஒருத்தன் என்னைக் கேக்காமலே கிடங்கைத் திறந்துடுவான்."